உளப்பகுப்பாய்வு கற்க விரும்பும் மனநலத் துறையினருக்கு: வாசகர் கேள்வி – பதில்

புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் மனநலத் துறையில் வேலை செய்யும் வாசகர்கள் சிலர் உளப்பகுப்பாய்வைப் பற்றி, அதாவது மனத்தில் வருவதையெல்லாம் பேசவிட்டு, பேசுபவருக்கே தெரியாமல் உள்ளே இருப்பதை ஆராயும் சிகிச்சையைப் பற்றி, கேட்டு எழுதியிருக்கிறார்கள். இந்த இதழின் பக்கத்தை முழுவதுமாக அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரும் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

கேள்வி: கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில். முடித்துக் கடலூரில் வேலை செய்கிறேன். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. சிகிச்சைதான் பழக்கம். சில பேஷன்ட்டுகள் நன்றாகிப் போகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே சிக்கலை வேறு ஆளோடு, வேறு இடத்தில் இழுத்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். அதனால்தான் இந்தப் பக்கம் ஆர்வம் வந்தது. சான்றிதழோடு இரண்டு நாள் ஆன்லைன் ஒர்க்‌ஷாப் ஒன்று விளம்பரத்தில் பார்த்தேன். சேரலாமா?

பதில்: சேரலாம். சொற்கள் பழகும், இதே ஆர்வமுள்ள நாலு பேர் அறிமுகமாவார்கள். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அந்தச் சான்றிதழை வைத்து ‘சைக்கோஅனாலிஸ்ட்’ என்று போர்டு மாட்டுவது மட்டும் கூடவே கூடாது.

இந்தப் பயிற்சிக்கு 1920இலேயே ஒரு வடிவம் வந்துவிட்டது. அந்த வருடம் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கனும் அவருடைய சகாக்களும், பணமில்லாதவர்களும் வந்துபோகக்கூடிய ஒரு கிளினிக்கைத் திறந்தார்கள். அதோடு சேர்ந்தே பயிற்சி முறையும் உருவானது. பயிற்சி பெறுபவர் தாமே ஓர் அனாலிஸ்டிடம் (உளப்பகுப்பாய்வாளரிடம்) பகுப்பாய்வுக்குப் போக வேண்டும். தாம் பார்க்கும் கேஸ்களை வாரந்தோறும் மூத்தவர் ஒருவரிடம் எடுத்துப்போய்ப் பேச வேண்டும், இதுதான் சூப்பர்விஷன். கூடவே செமினாரில் உட்கார்ந்து படிக்க வேண்டும். 1910இல் தொடங்கிய பன்னாட்டு உளப்பகுப்பாய்வுச் சங்கம் இன்றும் ஏற்கிற முறைகளில் இதுவே பரவலானது. சொந்தப் பகுப்பாய்வு வாரம் மூன்று முதல் ஐந்து செஷன், சூப்பர்விஷனில் குறைந்தது இரண்டு கேஸ், எல்லாம் முடிய ஐந்தாறு வருடமாவது ஆகும் என்று மனத்தில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

இந்தியாவில் இதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1922இல் கல்கத்தாவில், பார்சிபாகான் சந்திலிருந்த தம் வீட்டிலேயே கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். அதே வருடம் பன்னாட்டுச் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. முழுப் பயிற்சி வேண்டுமென்றால் நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான். டெல்லியிலும் மும்பையிலும் பயிற்சி பெற்ற அனாலிஸ்டுகள் இருக்கிறார்கள்.

எங்கே விசாரித்தாலும் நேராகக் கேளுங்கள்: எனக்குப் பகுப்பாய்வு செய்யப்போகிறவர் யாரிடம் பயின்றார்? வாரம் எத்தனை செஷன், எத்தனை நேரில், எத்தனை ஆன்லைனில்? சூப்பர்விஷன் கட்டணம் தனியா? பயிற்சி முடிந்தால் எந்தப் பெயரை நான் போட்டுக்கொள்ளலாம்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்த இடம் வேண்டாம். முழுப் பயிற்சிக்குப் போக முடியாதவர்கள், வாரம் ஒன்றிரண்டு செஷன் பார்க்கும் சைக்கோஅனாலிடிக் சைக்கோதெரபியைக் கற்கலாம். அது தன்னளவில் முழுமையான வேலைதான், குறைந்த சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. பெயரை மட்டும் அதற்குரியபடி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் அந்தப் பேஷன்ட்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நினைவுக்குக் கொண்டுவர முடியாததை மனிதர் செய்து காட்டுகிறார் என்று, உளப்பகுப்பாய்வைத் தொடங்கி வைத்த ஃப்ராய்டு 1914இல் எழுதினார். அப்படிச் செய்து காட்டுவதை, கடைசியில், சிகிச்சை தருகிற உங்களிடமும் செய்வார். உங்கள் அறைக்குள் அது நடக்கும்போது கண்டுபிடிக்கக் கற்பதே இந்தப் பயிற்சியின் நடுநாயகம்.

கேள்வி: ஃப்ராய்டை யாரும் முறைப்படி பகுப்பாய்வு செய்யவில்லை, போஸையும் செய்யவில்லை. எனக்கு நோய் எதுவும் இல்லை. நான் மட்டும் ஏன் போக வேண்டும்? – மனநல மருத்துவர், லாசுப்பேட்டை

பதில்: தொடங்கி வைத்தவர்களுக்கு முன்னால் யாரும் இல்லை. ஆனால் 1912இலேயே ஃப்ராய்டு, பிறரைப் பகுப்பாய்வு செய்ய வருபவர் முதலில் தாமே அதற்கு உட்பட வேண்டும் என்ற சூரிச் குழுவினரின் கோரிக்கையை வெளிப்படையாகப் பாராட்டி எழுதினார். தமக்குக் கிடைக்காதது அடுத்தவருக்குக் கட்டாயம் வேண்டும் என்று அவர் நினைத்ததற்குக் காரணம் இருந்தது.

நடைமுறையில் பாருங்கள். அழும் பேஷன்ட்டைக் கண்டதும் தண்ணீர் கிளாஸை நீட்டாமல் உங்களால் ஒரு நிமிடம் இருக்க முடிகிறதா? ‘உங்களால ஒரு பிரயோஜனமும் இல்ல டாக்டர்’ என்று ஒருவர் சொன்னால் அந்த வாரமே மருந்தின் அளவை ஏற்றிவிடுகிறீர்களா? பாலியல் பேச்சு வந்ததும் கேள்வியை வேறு பக்கம் திருப்புகிறீர்களா? இவை அறியாமையால் நடப்பதில்லை. நமக்குத் தாங்காத இடம் வந்ததும் நம்மையறியாமல் கை வேலை செய்துவிடுகிறது. எந்த இடம் தாங்காது என்பதைப் புத்தகம் காட்டாது. வாரம் பல தடவை ஒருவர் முன்னால் பேசிப் பேசித்தான் தெரியவரும். பேஷன்ட் நிலையில் இருப்பது எப்படி என்பதும் அங்கேதான் தெரியும். செஷன் முடியும் நேரத்தில் எழுந்து போவது எவ்வளவு கஷ்டம், அனாலிஸ்ட் பத்து நாள் லீவு போட்டால் எவ்வளவு கோபம் வரும் என்பதையெல்லாம் உடம்பால் அறிந்தவர், தன் பேஷன்ட்டிடம் லீவை மூன்று வாரம் முன்பே சொல்வார்.

நோய் இல்லை என்பது தடையே இல்லை.

கேள்வி: எங்கள் ஊரில் அனாலிஸ்ட் இல்லை. ஆன்லைன் சரிப்படுமா? எவ்வளவு செலவாகும்?

பதில்: கணக்கை முதலில் போட்டுவிடுங்கள். வாரம் 4 செஷன், வருடத்தில் 44 வாரம் என்றால் 176 செஷன். ஒரு செஷனுக்கு 1,000 ரூபாய் என்று வைத்தாலே வருடத்துக்கு 1,76,000 ரூபாய். ஆளுக்கு ஆள் கட்டணம் மாறும். பயிற்சியில் இருப்பவர்களுக்குக் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு, கேட்பதில் தவறில்லை. பலர் பாதியில் நிற்பதற்குப் பணத்தைவிட நேரமே காரணம். வாரம் நாலு நாள் காலை ஏழு மணி என்று ஒத்துக்கொண்டால் ஓ.பி., டியூட்டி, பிள்ளையின் ஸ்கூல் வேன் எல்லாம் அதைச் சுற்றி நகர வேண்டும். வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆன்லைனில் செய்ய முடியும், குறைகளோடு. முடிந்தால் தொடக்கத்துச் சில வாரங்களை அனாலிஸ்டின் ஊருக்கே போய் நேரில் முடித்துவிட்டு, பிறகு ஆன்லைனுக்கு மாறி, வருடத்தில் இரண்டு மூன்று முறை போய்த் தொடர்ச்சியாகச் சில நாள் நேரில் பாருங்கள். எந்த அளவு ஆன்லைன் பயிற்சிக் கணக்கில் சேரும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்து ஏற்பாடுகளும் முக்கியம். தினமும் அதே அறை, அதே இருக்கை. நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து பேச வேண்டாம். வீட்டில் யாராவது இருந்தால் கதவுக்கு வெளியே ஃபேனைப் போட்டுவிட்டாலே பேச்சு வெளியே கேட்பது பெருமளவு குறையும். ரௌட்டருக்குத் தனி யு.பி.எஸ். வையுங்கள். மின்சாரம் போனால் யார் யாரைக் கூப்பிடுவது, எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பது முதல் வாரமே பேசி முடிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், கோபமாக வந்திருக்கும் நாளில் நெட் போனதா, நீங்களே துண்டித்தீர்களா என்று இருவருக்குமே சந்தேகம் தங்கிவிடும். நேரில் போனால் பேருந்தில் திரும்பும் நேரம் கிடைக்கும். ஆன்லைனில் லேப்டாப்பை மூடினதும் எதிரே அடுத்த வேலை நிற்கும். செஷனுக்குப் பின் 15 நிமிடமாவது யாரிடமும் பேசாமல் காலியாக விட்டுவையுங்கள்.

கேள்வி: நாங்கள் எட்டு பேர் இருக்கிறோம். மருத்துவர்கள், சைக்காலஜிஸ்ட்டுகள், ஒரு சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர். பயிற்சி தொடங்கும் வரை புதுச்சேரியிலேயே ஏதாவது குழுவாகச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். இந்த இதழில் வந்த கேள்விகளில் எங்களுக்கு அதிக மகிழ்ச்சி தந்தது இதுதான். எட்டு பேர் சரியான எண்ணிக்கை. மாதம் இரண்டு முறை, இரண்டு மணி நேரம், ஒரே நாள், ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்து வருபவருக்கு ஒரு மணி நேரப் பேருந்து என்பதால் ஞாயிறு காலை பத்தரை பொருந்தலாம்.

முதல் 75 நிமிடம் கேஸ் பேச்சு. இதற்கு மைக்கேல் பாலின்ட் என்ற ஹங்கேரிய அனாலிஸ்ட் 1950களில் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் குடும்ப மருத்துவர்களுக்காக வகுத்த முறையைப் பின்பற்றலாம். ஒருவர் ஒரு பேஷன்ட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார். கையில் கேஸ் ஃபைல் இருக்கக் கூடாது. ஃபைல் இல்லாதபோது எது ஞாபகம் வருகிறது, எது விட்டுப்போகிறது என்பதே ஒரு தகவல். பேஷன்ட்டின் வயதைச் சொல்ல மறந்து, அவர் கட்டிவந்த புடவையை விவரிப்பவர் ஏதோ சொல்கிறார். பிறகு ஐந்து நிமிடம் விவரம் தெரிந்துகொள்ள மட்டும் கேள்விகள். அதன் பின் சொன்னவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பார். மற்றவர்கள் பேசுவார்கள்: பேஷன்ட்டாக இருந்தால் எனக்கு எப்படி இருக்கும், அந்த மருத்துவராக இருந்தால் எப்படி, கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஏன் தூக்கம் வந்தது, ஏன் எரிச்சல் வந்தது. அரைமணி நேரத்துக்குப் பிறகு சொன்னவர் திரும்பி வந்து தனக்குப் பட்டதைச் சொல்வார். முடிவு, தீர்மானம், ‘அடுத்து என்ன செய்ய வேண்டும்’ என்ற பட்டியல் எதுவும் வேண்டாம்.

எது கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதல் கூட்டத்திலேயே அறிவுரை கிளம்பும்: ‘எஸ்சிடலோப்ராம் ஏத்திப் பாத்தீங்களா?’ நல்ல எண்ணத்தில் வரும் கேள்விதான், ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நடத்துபவர், ‘மருந்தை வெளியே பேசலாம், இவரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஆச்சு?’ என்று திருப்ப வேண்டும். இரண்டாவது கேடு, பேஷன்ட்டை விட்டுவிட்டுக் கேஸ் சொன்னவரையே எல்லோரும் சேர்ந்து ஆராய்வது. ‘உங்க அம்மாவோட பிரச்சினைதான் இது’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். அவருடைய அம்மாவைப் பேச அவருக்கென்று ஓர் இடம் உண்டு, அது குழு இல்லை. மூன்றாவது, மேலதிகாரியும் கீழே வேலை செய்பவரும் ஒரே குழுவில் இருப்பது. பேராசிரியர் உட்கார்ந்திருக்கும் அறையில் பி.ஜி. மாணவர் தான் பேஷன்ட்டைக் கண்டு பயந்ததைச் சொல்ல மாட்டார், படித்ததை ஒப்பிப்பார். அப்படி இருந்தால் குழுவை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கேஸ் விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது வேண்டவே வேண்டாம். அந்தக் குரூப்பில் தேதி, நேரம், ‘வர முடியவில்லை’ இவை மட்டும் இருக்கட்டும். ஊர், தொழில், சாதி, பிள்ளைகள் எண்ணிக்கை போன்ற அடையாளங்களைச் சொல்லும்போதே மாற்றிவிடுங்கள். அப்படியும் யாருக்காவது ஆள் யாரென்று புரிந்துவிட்டால் அவர் உடனே சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார வேண்டும்.

மிச்சமுள்ள நேரம் படிப்புக்கு. ஃப்ராய்டு 1911 முதல் 1915 வரை சிகிச்சை நுட்பம் பற்றி எழுதிய ஆறு கட்டுரைகளில் தொடங்குங்கள். கூட்டத்துக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒருவர் ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்க, நிறுத்திப் பேச வேண்டும். பிறகு, டோரா என்ற பெயரில் ஃப்ராய்டு எழுதி 1905இல் வெளிவந்த கேஸ். பதினொரு வாரத்தில் அந்தப் பெண் சிகிச்சையை முறித்துக்கொண்டு போய்விட்டாள். தன் மீது அவள் எதை ஏற்றிப் பார்த்தாள் என்பதை, அதாவது டிரான்ஸ்ஃபரன்ஸை, சரியான நேரத்தில் பிடிக்கத் தவறியதை ஃப்ராய்டு அங்கேயே எழுதியிருக்கிறார். தோற்ற கேஸ்களைப் படிப்பதுதான் தொடக்கத்தில் அதிகம் கற்றுத்தரும். கோட்பாட்டுச் சண்டைகள், யார் யாரோடு பிரிந்தார் என்ற வரலாறு எல்லாம் இரண்டாம் வருடத்துக்கு ஒத்திவையுங்கள்.

யாராவது வெளியூர் அனாலிஸ்ட் ஒருவரை மாதம் ஒருமுறை ஆன்லைனில் நடத்துபவராக வைத்துக்கொள்ள முடிந்தால் செலவை எட்டாகப் பிரித்துக்கொண்டு உடனே செய்யுங்கள்.

குழுவில் இரண்டு பேராவது குழந்தையைக் கவனிக்கும் பயிற்சியையும் எடுத்துக்கொள்ளலாம். இது எஸ்தர் பிக் என்ற அனாலிஸ்ட் 1948இல் டாவிஸ்டாக்கில் ஏற்படுத்திய முறை. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை, வாரம் ஒரு மணி நேரம், அதே கிழமை அதே நேரம், ஒரு வீட்டுக்குப் போய்க் குழந்தையும் தாயும் இருப்பதைப் பார்க்க வேண்டும். அங்கே எதையும் குறிக்கக் கூடாது, வீட்டுக்கு வந்தபின் எழுத வேண்டும். தெரிந்த வீடு வேண்டாம், நண்பரின் நண்பர் வழியாகக் கேளுங்கள். நம் ஊரில் இதில் வரும் சிக்கல் உபசரிப்பு. பாட்டி காபி கொண்டுவருவார், ‘கொஞ்சம் புள்ளைய வச்சுக்கம்மா’ என்று மடியில் கொடுப்பார், சளிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்பார். காபியைக் குடியுங்கள். மருந்து சொல்லாதீர்கள், ‘அதை உங்க டாக்டரையே கேட்டுடுங்கம்மா’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். உதவி செய்யாமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது, உதவுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, எவ்வளவு கடினம் என்பது மூன்றாவது வாரமே தெரிந்துவிடும்.

கேள்வி: பேஷன்ட்டைச் சோஃபாவில் படுக்க வைத்தே ஆக வேண்டுமா?

பதில்: வாரம் மூன்று நாலு முறை வருபவருக்கு, உங்களுக்குப் பயிற்சியும் சூப்பர்விஷனும் இருக்கும்போது மட்டும். வாரம் ஒருமுறை வருபவரை எதிரே, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாகப் போட்ட நாற்காலியில் உட்கார வைத்தால் போதும். விரும்பும்போது அவர் பார்வையைத் திருப்பிக்கொள்ள முடிய வேண்டும், அவ்வளவே.

கேள்வி: சூப்பர்வைசர் ‘ப்ராசஸ் நோட்’ எழுதி வரச் சொல்கிறார். நான் எழுதும் கேஸ் ஷீட் போதாது என்கிறார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: கேஸ் ஷீட்டில், பேஷன்ட் என்ன சொன்னார் என்பதன் சாரம் இருக்கும். ப்ராசஸ் நோட்டில் இருவரும் பேசிய வரிசை இருக்கும். யார் சொன்னதற்குப் பின் யார் என்ன சொன்னார், எங்கே மௌனம் வந்தது, உங்கள் மனத்தில் அப்போது என்ன ஓடியது. செஷனுக்குள் குறிப்பெடுக்காதீர்கள். எதை எழுதலாம் என்று தேர்ந்தெடுக்கத் தொடங்கியதும் காது அந்தப் பக்கமே சாய்ந்துவிடும் என்று ஃப்ராய்டு 1912இலேயே எச்சரித்திருக்கிறார். முடிந்த அன்றே, முடிந்தால் அடுத்த பேஷன்ட்டுக்கு முன், 20 நிமிடம் எடுத்து நடுவிலிருந்தாவது எழுதத் தொடங்குங்கள். மறந்த இடத்தில் ‘இங்கே ஞாபகம் இல்லை’ என்று எழுதுங்கள்.

விளக்கத்துக்காக நாங்களே உருவாக்கிய ஒரு துண்டு இது:

ஏழு நிமிடம் தாமதமாக வந்தாள். உட்கார்ந்ததும் ஹேண்ட்பேக்கை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.
அவள்: ‘சாரி மேடம், லேட் ஆயிடுச்சு.’
நான்: ‘பஸ் கிடைச்சிருக்காது. இன்னிக்கு மாசி மகம் இல்லையா, ஒரே கூட்டம்.’
அவள்: ‘ம்.’ (சுமார் ஒரு நிமிடம் பேசவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது, கேள்வி தேடினேன்.)
அவள்: ‘ஸ்கூல் படிக்கறப்ப எதுக்கு லேட்டுன்னு மிஸ் என்னைக் கேப்பாங்க. அம்மா முந்திக்கிட்டுப் பதில் சொல்லிடுவாங்க. எனக்கு ஜுரம், பஸ் வரல, ஏதாவது. நான் நின்னுக்கிட்டே இருப்பேன்.’

இதைக் கேஸ் ஷீட்டில் ‘தாயின் அதீதத் தலையீடு பற்றிப் பேசினார்’ என்று எழுதியிருப்பீர்கள். வரிசையாக எழுதியதால்தான் வேறொன்று தெரிகிறது. தாமதத்துக்குக் காரணத்தைச் சிகிச்சை தருபவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். அடுத்த நிமிடமே, தன் சார்பில் பதில் சொல்லிவிடும் ஒருவரின் நினைவு அவளுக்கு வருகிறது. அவள் பேசுவது பழைய கதைதான், அதோடு சற்று முன் அந்த அறையில் நடந்ததும்தான். அவள் ஏன் தாமதமாக வந்தாள் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது என்பதையும் கவனியுங்கள். சூப்பர்வைசர் தேடுவது இத்தகைய இடங்களைத்தான். உங்கள் வாக்கியங்களை அழகுபடுத்தி எழுதினால் அவரால் எதையும் பார்க்க முடியாது.

இந்தக் குறிப்புகளில் பெயர் வேண்டாம். மருத்துவமனை ரெக்கார்டோடு வைக்காமல் தனியாகப் பூட்டி வையுங்கள்.

கேள்வி: முதல் செஷன்களில் என்ன சொல்லித் தொடங்குவது? கட்டணம், வராத நாள் இதையெல்லாம் பேசினால் பேஷன்ட் ஓடிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பேசாமல் விட்டதால் ஓடியவர்களே அதிகம். முதல் இரண்டு மூன்று சந்திப்புகளை ‘பார்த்துத் தீர்மானிக்கும் சந்திப்பு’ என்று சொல்லியே வையுங்கள். ஃப்ராய்டும் ஓரிரு வாரம் சோதனையாகப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொண்டார். 1913இல் அவர் எழுதிய கட்டுரையில், ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் வெளியே கடந்து போவதையெல்லாம் உள்ளே இருப்பவருக்குச் சொல்வதுபோல, மனத்தில் வருவதையெல்லாம் சொல்லும்படி பேஷன்ட்டிடம் கேட்கிறார். நீங்கள் எளிமையாகவே சொல்லலாம்: ‘இங்க எதை முதல்ல பேசணும்னு கணக்கு இல்ல. சம்பந்தமில்லாததா தோணினாலும், என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு தோணினாலும், அதையும் சொல்லுங்க.’

பிறகு ஏற்பாடுகள். 50 நிமிடம், இந்தக் கிழமை, இந்த நேரம். உங்கள் லீவுகளை வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பொங்கல், தீபாவளி, மே மாதத்தில் இரண்டு வாரம் என்று எழுதிக்கொடுத்தாலும் நல்லது. அந்த நேரம் அவருக்கென்று ஒதுக்கப்பட்டது, வராவிட்டாலும் கட்டணம் உண்டு என்பது ஃப்ராய்டின் விதி. தொடக்கத்தில் 48 மணி நேரத்துக்கு முன் சொன்னால் கட்டணம் இல்லை என்று தளர்த்திக்கொள்வதை நாங்கள் ஏற்கிறோம். ஆனால் எந்த விதியானாலும் ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு ஒன்று என்று வளைக்காதீர்கள். கட்டணத்தை நீங்களே கையில் வாங்குங்கள். ரிசப்ஷனில் கட்டச் சொன்னாலோ யு.பி.ஐ.யில் மௌனமாக வந்து விழுந்தாலோ, பணம் தர மறப்பது, அதிகமாகத் தருவது, அப்பா கணக்கிலிருந்து வருவது இவையெல்லாம் உங்கள் கண்ணில் படாமலே போகும்.

அரசு மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் கட்டணம் இல்லாததால் இது சாத்தியமில்லை என்று நினைக்க வேண்டாம். 1918இல் புடாபெஸ்டில் பேசும்போது ஃப்ராய்டே இலவசச் சிகிச்சையை எதிர்பார்த்தார், பெர்லின் கிளினிக் அதைத்தான் செய்து காட்டியது. ஓ.பி.யின் பத்து நிமிடத்தில் பகுப்பாய்வு நடக்காது. ஆனால் வாரத்தில் ஒரு மதியத்தை எடுத்து, இரண்டே இரண்டு பேஷன்ட்டுகளை, கதவு மூடும் ஓர் அறையில், 50 நிமிடம் பார்க்க அனுமதி கேட்கலாம். அந்த நேரத்தில் யாரும் கையெழுத்துக்குக் கதவைத் தட்டக் கூடாது என்பதை வார்டு சிஸ்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கூட வரும் அம்மா, மாமியார், அண்ணன் பற்றியும் முதல் நாளே பேசுங்கள். வெளியே காத்திருக்கலாம். செஷனைப் பற்றி அவர்கள் போன் செய்து கேட்டால் பேஷன்ட்டிடம் சொல்லிவிடுவேன் என்று இருவர் முன்னிலையிலும் சொல்லுங்கள்.

கேள்வி: யாரை எடுக்கக் கூடாது? மருந்து சாப்பிடுபவரை எடுக்கலாமா?

பதில்: மருந்து தடை இல்லை. மருந்து எழுதுபவரும் பகுப்பாய்வு செய்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் நல்லது. இருவரும் எதைப் பகிர்ந்துகொள்வார்கள் என்பது பேஷன்ட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொடக்க நிலையில் இருப்பவர் முதல் கேஸாக எடுக்கக் கூடாதவர்கள்: இப்போது மனப்பிறழ்வில் இருப்பவர், அண்மையில் தற்கொலைக்கு முயன்றவர், குடியை இன்னும் நிறுத்தாதவர், வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருப்பவர். இவர்களுக்கு முதலில் பாதுகாப்பும் மருத்துவமும் வேண்டும். எல்லாப் பேஷன்ட்டுகளிடமும், நெருக்கடி வந்தால் எந்த மருத்துவமனைக்கு வருவது என்பதையும் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416ஐயும் எழுதிக்கொடுத்துவிடுங்கள். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்று நினைத்துத் தற்கொலை எண்ணத்தை நேராகக் கேட்காமல் விடுவது மிகப் பெரிய பிழை.

கேள்வி: சட்டப்படி உரிமம் ஏதும் வேண்டுமா?

பதில்: உளப்பகுப்பாய்வாளருக்கென்று தனிப் பதிவேடு நம் நாட்டில் இல்லை. அதனால் உங்கள் அடிப்படைத் தகுதியின் பதிவுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். மருத்துவருக்கு மருத்துவக் கவுன்சில், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு 1992ஆம் வருடச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியக் காப்பையும் அதற்கான விலக்குகளையும் சொல்கிறது. ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் பலர் உண்டு. லக்கான் வழியில் போகலாமா?

பதில்: பிரெஞ்சு சரளமாக வந்தால் அது பெரிய வசதி. ஆனால் மொழி தெரிவதும் பயிற்சி பெறுவதும் வேறு. பிரெஞ்சு அனாலிஸ்ட் ழாக் லக்கான் செஷன் நேரத்தைச் சுருக்கி, பேச்சு ஒரு கூர்மையான இடத்துக்கு வந்ததும் முடித்தார். பன்னாட்டுச் சங்கத்தோடு அவர் 1963இல் பிரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நேரத்தை வெட்டும் முறையைப் பயிற்சியில்லாமல் பின்பற்றினால் எரிச்சல் வரும்போதெல்லாம் செஷனை முடித்துவிடுவோம். முதல் சில வருடங்கள் கடிகாரத்தின்படியே முடியுங்கள்.

கேள்வி: பண்ருட்டிப் பக்கத்துப் பேஷன்ட் ஒருவர் ஒரு கிலோ முந்திரியைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார். மறுத்தால் மனம் நோகும். என்ன செய்வது?

பதில்: சொந்தத் தோப்பில் விளைந்ததை, ஒருமுறை, பண்டிகையை ஒட்டிக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். தொழில் எல்லை பற்றி அங்கே வகுப்பெடுக்காதீர்கள். அன்று அவர் அடுத்து என்ன பேசினார், அதற்கு முந்தைய செஷனில் என்ன நடந்தது என்பதை நோட்டில் எழுதுங்கள். முந்தைய வாரம் உங்கள் மீது கோபப்பட்டிருந்தால் முந்திரிக்கு வேறு பொருள் இருக்கலாம். விலை உயர்ந்தது, திரும்பத் திரும்ப வருவது, கட்டணம் பாக்கி இருக்கும்போது வருவது என்றால், பொட்டலம் மேசையில் இருக்கும்போதே, வாங்குவதற்கு முன், ‘இதைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?’ என்று கேளுங்கள். பேசிய பின் திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும் அவ்வளவு நோகாது.

கேள்வி: கடலூர் சின்ன ஊர். கல்யாண மண்டபத்தில் பேஷன்ட் எதிரே வந்தால்?

பதில்: தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள்: ‘வெளியில பார்த்தா நானா வந்து பேச மாட்டேன். நீங்க பேசினா நானும் பேசுவேன், ஆனா இங்க பேசறதை அங்க பேச மாட்டேன்.’ பந்தியில் பக்கத்து இலை வேண்டாம். உறவினரின் உறவினர், பிள்ளையின் டீச்சர், கூட வேலை செய்பவரின் மனைவி அல்லது கணவர் இவர்களை எடுக்காதீர்கள். கடலூர்க்காரர்கள் புதுச்சேரியில் ஒருவரோடும் புதுச்சேரிக்காரர்கள் கடலூரில் ஒருவரோடும் இப்படிப்பட்ட கேஸ்களை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டால் இருவருக்கும் நல்லது. மண்டபத்தில் பார்த்ததை அடுத்த செஷனில் பேஷன்ட் எடுக்கவில்லை என்றால் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பேச்சு வழக்கத்துக்கு மாறாக வறண்டு கிடந்தால் நீங்களே எடுக்கலாம்: ‘ஞாயித்துக்கிழமை என்னைப் பார்த்தீங்க. அதைப் பத்தி இன்னும் எதுவும் சொல்லல.’